முள் நின்ற இடம்

என் நாவலின் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு விண்கப்பல் இரண்டாகக் கிழிகிறது. பாதிப் பேர் செத்துப்போகிறார்கள். அதை நான் படித்துக் காட்டியபோது, கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் மூச்சு துளிகூட மாறவில்லை. அதற்கு முந்தைய அத்தியாயத்தில் கதாநாயகி ஒரு குழாயின் அடியில் தவழ்ந்துபோய், எங்கே கசிகிறது என்று தேடுகிறாள். வேறொன்றும் நடக்காது. வெட்டிவிடலாம் என்று நானே நினைத்திருந்த பகுதி. அங்கே மூவருக்கும் மூச்சு நின்றது.

அழகுக்காகச் சொல்லவில்லை, அளந்துதான் சொல்கிறேன். எப்படி அளந்தேன் என்று புரிய, என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் ஒரு மருத்துவமனையில் அழுத்த அறையை இயக்குகிறவள். ஆறாத புண் உள்ளவர்களுக்கான அறை அது. அறை என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் படுக்கவைத்த இரும்பு உருளை. சின்ன வேன் அளவு இருக்கும். பக்கவாட்டில் வட்டமான கண்ணாடி ஜன்னல்கள். நோயாளிகள் அதற்கு வைத்த பெயர் டப்பா. அவர்களை உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, காற்றைத் திணிப்போம். பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் முங்கினால் உடம்பை எவ்வளவு அழுத்தம் நெருக்குமோ, அவ்வளவு. அந்த அழுத்தத்தில் மாஸ்க் வழியாகச் சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கிறோம். மூடியைத் திறக்காதவரை சோடா பாட்டிலில் வாயு தண்ணீருக்குள் கரைந்து கிடக்கிறது அல்லவா? அதே போல ஆக்சிஜன் ரத்தத்தில் கரைந்து, வழக்கமாக எட்டாத சதைக்கும் எட்டுகிறது. புண் மெல்ல ஆறும். அந்த மெல்லதான் சிக்கல். வாரக்கணக்கில் தினமும் வர வேண்டும். பாதியில் விட்டால் பாதி கட்டிய பாலம் மாதிரி, அந்தக் கரைக்குப் போய்ச் சேராது.

நான் வெளியே, கட்டுப்பாட்டுப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு மாஸ்க்குக்கும் பலகையில் ஒரு சின்ன முள் உண்டு. உள்ளே இருப்பவர் மூச்சை இழுத்தால் முள் துள்ளும், விட்டால் விழும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. தூங்குகிறவரின் முள், பயப்படுகிறவரின் முள், யாருக்கும் தெரியாமல் அழுகிறவரின் முள் எல்லாமே எனக்குத் தெரியும்.

ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும். அதனால் உள்ளே செல்போன் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, பேட்டரி உள்ள எதுவுமே கூடாது. பொழுது நகராது. ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குக் காதில் ஈயம். கடைசியில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மைக் வழியாக நான் எழுதிக்கொண்டிருந்த நாவலைப் படிக்க ஆரம்பித்தேன். இன்னும் முடிக்காத நாவல். வெளிக் கோள் ஒன்றிலிருந்து பனிக்கட்டியை இழுத்து வரும் சரக்குக் கப்பல். அதில் குழாய் பார்க்கிற பெண்தான் கதாநாயகி. பெயரே வைக்கவில்லை, கப்பலில் எல்லோருக்கும் அவள் குழாய்க்காரி.

எனக்குக் கிடைத்தவர்கள் மூன்று வாசகர்கள். ஒருவர் தையல்காரம்மா. இன்னொருவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மூன்றாவது, பஸ் டிரைவர். மாஸ்க் போட்டிருக்கும்போது பேச முடியாது. கட்டைவிரல் மேலே என்றால் பிடித்திருக்கிறது. கீழே என்றால் இல்லை. நடுநடுவே சில நிமிடம் மாஸ்க்கைக் கழற்றி இளைப்பாறுவார்கள். அந்த நிமிடங்களில்தான் எனக்கு விமர்சனம் கிடைக்கும். அடர்ந்த காற்றில் எல்லோருடைய குரலும் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி வரும். திட்டினால்கூடச் சிரிப்பு வரும்.

"ஏம்மா, உன் குழாய்க்காரி கதை முழுக்க ஒரே சட்டையாத்தான் சுத்தறாளா? தவழறவளுக்கு முழங்கால்ல ஒரு ஒட்டாவது வெச்சுத் தைக்கவேணாம்?" என்பார் தையல்காரம்மா.

"சட்டையை விடுங்க. பூமியிலேருந்து சேதி வர நேரம் தப்பு. போன அத்தியாயத்துல ஒரு மணி நேரம் ஆச்சு, இப்போ கூப்பிட்ட உடனே மாமியார் மாதிரி பதில் சொல்றாங்க" என்பார் டீச்சர்.

டிரைவர் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். அவருடைய கருத்துதான் எனக்கு வேண்டியிருந்தது. காரணம் சொல்கிறேன்.

சர்க்கரை நோயால் அவருக்கு வலது குதிகாலில் புண். சிகிச்சை முழுதாக முடியாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். பிரேக்கை மிதிக்கிற கால். ஆனால் அவருக்கு மூடிய இடம் ஆகாது. வீட்டில் குளியலறைக் கதவுக்குக்கூடத் தாழ்ப்பாள் போடாதவர். முதல் நாளே மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டுக் கதவில் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்தக் கதவு உள்பக்கத்திலிருந்து சட்டத்தின்மேல் பொருந்துவது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, காற்றே அதைச் சட்டத்தோடு சேர்த்து அமுக்கும். யானை வந்து இழுத்தாலும் அசையாது. அழுத்தத்தை இறக்கினால்தான் திறக்கும். நான் மைக்கில் "அமைதியா இருங்கண்ணா, அமைதியா இருங்க" என்று சொல்லச் சொல்ல, அவர் இன்னும் வேகமாக அடித்தார்.

அவர் மனைவி எப்படியோ மறுபடி இழுத்துவந்தார். அந்த வாரம்தான் நாவல் தொடங்கியது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே. கதைதான் அவரை உள்ளே பிடித்துவைத்திருக்கிறது என்று அவர் மனைவி சொன்னபோது, எனக்கு உச்சி குளிர்ந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. கதை சறுக்கினால்?

சறுக்கியது. கப்பல் கிழிந்த அன்று அவர் மனைவி என்னை வராந்தாவில் ஓரம் கட்டினார்.

"தங்கச்சி, நாளையிலேருந்து வரமாட்டாராம்."

"ஏன்க்கா? புண் ஆறிக்கிட்டுதானே வருது?"

"கப்பல்தான் உடைஞ்சுபோச்சே, இனிமே அங்க எனக்கு என்ன வேலைங்கறாரு. நான் காலைப் பத்திப் பேசினா இவரு கப்பலைப் பத்திப் பேசறாரு. இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கறது?"

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் கூட்டிட்டு வாங்கக்கா. மீதியை நான் பாத்துக்கறேன்."

வாய் சொல்லிவிட்டது. என்ன பார்ப்பேன் என்று மூளைக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் அந்த அத்தியாயத்தைக் கொடுத்தேன்.

"சூப்பர்" என்றார்.

"எது சூப்பர்?"

"எல்லாமே."

"கப்பல் கிழியற இடம்?"

"அது ரொம்ப சூப்பர்."

வீட்டில் அமைதி நிலவ வேண்டும் என்பதுதான் அவருடைய இலக்கியக் கொள்கை. குறை சொல்ல முடியாது. நானே உட்கார்ந்து திருத்தினேன். வெடிச்சத்தத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் சிலரைச் சாகடித்தேன். மொண்ணைக் கத்தியை இன்னும் பலமாக அழுத்தினால் வெட்டும் என்று நினைக்கிற ஆள் மாதிரி.

மறுநாள் காலை டிரைவர் வந்தார். "இன்னிக்குத்தான் கடைசி. அவ அழுதா, அதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறினார். டீச்சரும் தையல்காரம்மாவும் பின்னாலேயே ஏறினார்கள். துணைக்கு உள்ளே இருக்கிற நர்ஸ் கதவைச் சாத்தினார். நான் காற்றை ஏற்றினேன். ஏற்றும்போது காற்று சூடாகும், காது அடைக்கும். எச்சில் விழுங்கச் சொன்னேன். விழுங்கினார்கள். மாஸ்க் போட்டார்கள். புதிதாகத் திருத்திய அத்தியாயத்தைப் படித்தேன்.

கப்பல் முன்பைவிட அதிகமாகக் கிழிந்தது. டீச்சரின் முள்ளும் தையல்காரம்மாவின் முள்ளும் சுவர்க்கடிகாரம்போல ஆடிக்கொண்டிருந்தன. டிரைவரின் முள் மட்டும் மாறியது. சின்னச் சின்னதாக, வேகமாகத் துள்ளியது. இது கதை கேட்கிறவரின் மூச்சு இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இளைப்பாறும் நேரம் வந்தது. மாஸ்க்கைக் கழற்றியதும் முதல் வார்த்தை அவருடையதுதான்.

"தங்கச்சி, கதவைத் திற."

"இன்னும் கொஞ்ச நேரம்தான்ணா."

"என்னால முடியல. திறன்னு சொல்றேன்ல!"

நர்ஸ் அவர் தோளில் கை வைத்தார். அவர் தட்டிவிட்டார். இப்போது இறக்கினால் வெளியே வந்துவிடுவார். இனி ஒருநாளும் உள்ளே ஏறமாட்டார். இறக்காவிட்டால் கதவில் அடிப்பார்.

தையல்காரம்மாதான் குறுக்கே புகுந்தார். "ஏம்மா, இந்த இடி முழக்கமெல்லாம் வேணாம். முந்தாநாள் படிச்சியே, குழாயடியில தவழ்வாளே, அதை எடு. அன்னிக்கு இவரு ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருந்தாரு."

நர்ஸ் அந்த நேரம் பார்த்து மாஸ்க்கை நீட்டினார். டிரைவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டினேன்.

'இருட்டில் அவள் வயிற்றால் நகர்ந்தாள். எங்கேயோ காற்று கசிகிறது என்று கருவி சொன்னது. எங்கே என்று சொல்லவில்லை. கையால் தடவினாள், அகப்படவில்லை. கன்னத்தைக் குழாயோடு ஒட்டி வைத்தாள்…'

டிரைவரின் முள் நிதானமானது. கண்கள் மூடின. எனக்கே மனம் கரைந்து, வரிவரியாக மெல்லப் படித்துக்கொண்டே போனேன். அழுத்தத்தை இறக்க வேண்டிய நேரம் வந்தது. தினமும் செய்கிற வேலை. கை தானாகப் போய் வெளியேற்று வால்வைத் திறந்தது.

திறப்பதற்கு முன் மைக்கில் சொல்ல வேண்டும். "இறக்கப்போறேன், சத்தம் வரும், மூச்சை அடக்காம இயல்பா விடுங்க" என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். அன்று என் வாயில் கதை இருந்தது. சொல்லவில்லை.

'…அப்போது கேட்டது. மிக மெல்லிய சீறல்.'

நான் அந்த வரியைப் படித்ததும், உள்ளே அவர்கள் தலைக்கு மேலே மெல்லிய சீறல் கேட்டது. என் வால்வின் சத்தம். காற்று விரிந்தால் குளிரும். குளிர்ந்தால் ஈரம் மூட்டமாக மாறும். டப்பாவுக்குள் வெள்ளையாகப் புகை மாதிரி படர்ந்தது.

மூன்று முட்களும் நின்றன.

இது ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். தண்ணீருக்கு அடியில் ஒரு பலூனை ஊதி, வாயைக் கட்டி, மேலே கொண்டுவந்தால் என்ன ஆகும்? வெளி அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கிற காற்று விரியும், பலூன் உப்பும். மூச்சை அடக்கிய நுரையீரல் வாய் கட்டிய பலூன். அழுத்தம் இறங்கும்போது யாரும் மூச்சை அடக்கவே கூடாது. எங்கள் தொழிலின் முதல் பாடம் அதுதான்.

நர்ஸ் ஜன்னலில் முஷ்டியைக் காட்டினார். நிறுத்து என்று பொருள். அதற்கு முன்பே வால்வை மூடிவிட்டேன். சீறல் நின்றது. அழுத்தம் அப்படியே நிற்கிறது. இனி பலூன் உப்பாது. ஆனால் முட்கள் அசையவில்லை. டிரைவரின் கண்கள் அகலத் திறந்து கூரையைத் தேடின. கை மாஸ்க்கின் பட்டைக்குப் போயிருந்தது. டப்பா ஓட்டையாகிவிட்டது என்று நினைக்கிறார். அடுத்த நொடி பட்டை அறுந்துவிடும், அதற்கடுத்த நொடி கதவு.

மைக்கை அழுத்தினேன். அமைதியாக இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் நாள் அந்தச் சொல் என்ன செய்தது என்பது நினைவுக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு, கதை படிக்கிற அதே குரலில், எழுதாத வரிகளைப் படித்தேன்.

'"யார் அது?" என்று கேட்டாள் குழாய்க்காரி. "நான்தான்" என்று மேல்தளத்திலிருந்து குரல் வந்தது. "வெளியேற்று வால்வைத் திறந்தேன். உன்னிடம் சொல்லாமல் திறந்துவிட்டேன். தப்பு என்னுடையது. இப்போது மூடிவிட்டேன். எங்கேயும் ஓட்டை இல்லை." குழாய்க்காரி கன்னத்தைக் குழாயிலிருந்து எடுத்தாள். இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை நீளமாக வெளியே விட்டாள்.'

டீச்சரின் முள் துள்ளியது. தையல்காரம்மாவின் முள் துள்ளியது. மூன்றாவது முள் அப்படியே கிடந்தது. ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். டிரைவரின் தோள்கள் மெல்ல இறங்கின. மாஸ்க்கின் உட்புறம் ஆவி படிந்தது. பிறகு முள் துள்ளியது.

பட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்போ மறுபடி திறக்கப்போறேன்" என்றேன், இந்த முறை என் சொந்தக் குரலில். "அதே சத்தம் வரும். பனி மாதிரி வரும். அது எப்பவும் வர்றதுதான். மூச்சை அடக்காதீங்க."

மூன்று கட்டைவிரல்கள் மேலே போயின. மெல்ல இறக்கினேன். குழாய்க்காரி முணுமுணுவென்று பாடிக்கொண்டே திரும்பித் தவழ்ந்தாள். பாடச் சொன்னது நான்தான். முணுமுணுக்கிறவரால் மூச்சை அடக்க முடியாது. பாதி வழியில் ஸ்பீக்கரில் தடித்த ஒரு முனகல் கேட்டது. டிரைவரும் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "வால்வு திறக்கறதுக்கு முன்னாடி சொல்லலையா?" என்றார். "சொல்லலை டாக்டர்." மூவரின் மார்பிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். டீச்சர் அப்போதும் சேதி வந்த நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "பேசாதீங்க, கேக்கணும்" என்று அடக்கினார் டாக்டர். கேட்பதற்காகத் தன் மூச்சையும் ஒரு கணம் நிறுத்தினார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் வராந்தா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் மனைவி குனிந்து புண்ணுக்குப் போட்ட கட்டைச் சரிசெய்தார்.

"கொன்னுட்டியே தங்கச்சி" என்றார் டிரைவர். "உன் கப்பல் ஓட்டையா, இந்த டப்பா ஓட்டையான்னு ஒரு நிமிஷம் தெரியல."

"மன்னிச்சுக்கங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. கப்பல் கிழியற இடம் ஏன் பிடிக்கலை?"

யோசித்தார். "டமால்னுச்சு. முடிஞ்சுபோச்சு. அதுல நான் என்னம்மா பண்ண முடியும்? உக்காந்து பாக்கலாம், அவ்வளவுதான். குழாய்ல என்னவோ சத்தம் வருதுன்னா அப்படியா? எனக்கும் கேக்கணுமே!"

"அதான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?" என்றார் மனைவி. "வீட்டுல நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது."

"நீ டமால்னு கூப்பிடறே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே விடையும் வந்தது. மெல்லிய சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் நம் மூச்சே அதற்கு இடைஞ்சல். அதனால் உடம்பு தானாக மூச்சை நிறுத்துகிறது. குழாய்க்காரி காது கொடுத்தாள். அவளோடு சேர்ந்து அவர்களும் காது கொடுத்தார்கள். வெடிச்சத்தத்தைக் கேட்க யாரும் காதைத் தீட்ட வேண்டியதில்லை. அது தானே வந்து அறையும். அங்கே கேட்கிறவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். கதவு கண்ணில் படும்.

"நாளைக்கு வருவீங்களாண்ணா?"

"அந்தச் சீறல் எங்கேருந்து வந்துச்சு? நிஜக் கதையில? அன்னிக்கு நீ அதைச் சொல்லவே இல்லையே."

"நாளைக்கு வந்தா தெரியும்."

"நாளைக்கே சொல்லிருவியா?"

"மாட்டேன். பாதிதான் சொல்லுவேன்."

"பாத்தியா இவளை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, செருப்புக்காகக் காலை நீட்டினார்.

பதினோராம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். கப்பல் இப்போதும் கிழிகிறது, கடைசி வரியில். அதுவரை அத்தியாயம் முழுக்க, இரும்புச் சுவருக்குள் எங்கேயோ ஒரு 'டிக்' கேட்கிறது. நிற்கிறது. தள்ளிப்போய்க் கேட்கிறது. குழாய்க்காரி அதைப் பின்தொடர்கிறாள். அழுத்தம் அசையாமல் நிற்கும் நேரத்தில் அதைப் படித்தேன். முதல் 'டிக்'கிலேயே மூன்று முட்களும் நின்றன. ஒவ்வொரு 'டிக்'குக்கும் பிறகு அவளை ஒரு மூச்சு விடவைத்தேன், முட்கள் துள்ளின. டிரைவரின் முள் எப்போதும் கடைசியாகத்தான் துள்ளும். சிகிச்சை முடியும்வரை அவர் ஒருநாளும் தவறவில்லை. புண் மூடிவிட்டது.

பலகைக்கு மேலே ஒட்டியிருக்கிற தாளில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: வால்வைத் தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். அழுத்தம் இறங்கும்போது குழாய்க்காரி பாட வேண்டும். கேட்கிறவர்களின் மூச்சு நிற்க வேண்டுமென்றால், சத்தத்தைக் கூட்டக் கூடாது. அவர்கள் காதைத் தீட்டிக் கேட்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும்.